அப்பாவின் குறட்டையும் 2015-ல் வந்த நிராகரிப்புக் கடிதமும்: இப்போது அப்பீல் செய்ய முடியுமா?

பள்ளத்தூர் மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 1991-ல் படையில் சேர்ந்து, 24 ஆண்டு பணி முடித்து, 2015 ஜூலையில் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். இப்போது கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்கு இரவுக் காவல். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். முகப்பில் ஒரு நாற்காலி, ஒரு டார்ச், வளவு முழுவதும் இருட்டு. அதுதான் அவர் வேலை.

போன மாதம் விடியற்காலையில் வேலை முடிந்து வண்டியில் வரும்போது கண்ணயர்ந்து, சாலையை விட்டு இறங்கிக் கருவேல மரங்களுக்குள் விழுந்துவிட்டார். முழங்கையில் ஏழு தையல். இரவெல்லாம் விழித்திருந்தவருக்கு அயர்வு வரத்தான் செய்யும் என்று முதலில் நினைத்தோம். ஆனால் விடுமுறை நாளில் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவர் தலை தொங்குகிறது.

அன்று இரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் நேரம் பார்த்தேன். குறட்டை படிப்படியாக ஏறி, சட்டென்று அறுந்துவிடுகிறது. வயிறு மட்டும் எக்குகிறது. மூக்கருகே விரலை வைத்தால் காற்றே இல்லை. 34 விநாடி. பிறகு கண்மாயில் முங்கியவர் தலை தூக்கியதுபோல் ஒரு இழுப்பு. ஐந்து நிமிடத்தில் ஆறு முறை இப்படி. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அம்மா மட்டும் அசையாமல், "இருபது வருடமாக நான் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்" என்றார்.

மறுநாள் அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஓய்வு பெறும்போது உடம்பைப் பரிசோதித்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் காகிதத்தில் ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்), ஊனம் 20 சதவீதம், வாழ்நாள் முழுவதும் என்று இருக்கிறது. அதற்குக் கீழே, பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல என்று எழுதியிருக்கிறார்கள். உடன் ஒரு கடிதம். ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடையாது, ஆறு மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம் என்கிறது. அப்பா அதை நான்காக மடித்து வைத்துவிட்டார். பத்து வருடம் ஓடிவிட்டது.

இனி ஏதாவது செய்ய முடியுமா? அப்பாவைக் கேட்டால், "குறட்டை விட்டதற்குக் காசு கேட்டான் என்று ஊர் பேச வேண்டுமா?" என்கிறார்.

சுபேதார், தேவகோட்டை:

மகளே, படைவீரர்களின் பணிக் காகிதங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதுபோன்ற கடிதங்களை நானே நூற்றுக்கணக்கில் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். அந்த வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள்: இது குறட்டைக்குக் காசு அல்ல. படையில் சேரும்போது இல்லாத ஒரு நோய், வெளியே வரும்போது இருக்கிறது. அதை எழுதிக் கையெழுத்திட்டதே படை மருத்துவர்கள்தான். நோய் உண்டா இல்லையா என்ற சண்டையே உங்களுக்கு இல்லை. சதவீதமும் 20 இருக்கிறது. பணி முடித்து ஓய்வு பெற்றவருக்கு அந்த 20 தான் குறைந்தபட்ச எல்லை. அதற்கு ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் வேலை மிகக் கடினமாகியிருக்கும். இருக்கும் ஒரே தடை அந்த ஒரு வரி.

அந்த வரியைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் சிக்னல்ஸ் பிரிவுச் சிப்பாய், வலிப்பு நோயால் வெளியே அனுப்பப்பட்டவர். சேரும்போது நோய் என்று எதுவும் பதிவாகவில்லை என்றால் அவர் நல்ல உடலோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியால் வந்ததல்ல என்று சொல்ல வேண்டியது அரசின் பொறுப்பு. போர்டு அப்படிச் சொன்னால் காரணத்தையும் எழுத வேண்டும். அப்பாவின் காகிதத்தில் காரணம் எழுதும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக இரண்டு சொல்தான் இருக்கும்.

அப்பா 2015-ல் வந்தவர், ஆகவே ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கான 2008-ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. அவை அதற்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2008 விதிகளில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உரிமையை நிரூபிக்கும் சுமை சாதாரணமாக வீரர்மேல் இல்லை. ஆனால் ஓய்வு பெற்று 15 ஆண்டு கடந்து, பணிக்காலக் காகிதங்கள் விதிப்படி அழிக்கப்பட்ட பிறகு கேட்டால் சுமை உங்கள்மேல் வந்துவிடும். அப்பாவுக்கு 2030 வரை நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். காகிதம் இருக்கும்போதே நகல் வாங்குங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கேட்க வேண்டியவை: சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனை, கேட்டகரி (மருத்துவத் தகுதித் தரம்) குறைத்த போர்டு, ரிலீஸ் போர்டு முழுவதும், தூக்க ஆய்வு அறிக்கை, ஆண்டுதோறும் எடுத்த எடைப் பதிவு.

புதுவயல்காரன்:

தங்கச்சி, இதில் இவ்வளவு யோசிக்க வேண்டியதே இல்லை. என் மாமன் மகன் அமெரிக்க ராணுவத்தில் இருந்து டெக்ஸாஸில் குடியிருக்கிறான். அங்கே, தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் மூச்சு இயந்திரத்தை டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் நேராக 50 சதவீத ஊனம் என்று கணக்கு. முதலில் இயந்திரத்தை வாங்கி ரசீதை இணையுங்கள், மற்றது தானாக நடக்கும்.

சுபேதார், தேவகோட்டை:

தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் இந்த ஒரு செய்தி நம் ஆட்களை எவ்வளவு அலைக்கழிக்கிறது என்று தெரியுமா? காணொளிகளில் பார்த்துவிட்டு, கடன் வாங்கி இயந்திரம் வாங்கி, ரசீதோடு சிவகங்கை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வந்து நிற்கிறார்கள்.

நீங்கள் சொல்வது அமெரிக்கச் சட்டம். அங்கே இந்த நோய்க்கு 6847 என்று ஒரு எண் உண்டு. நோய் உறுதியாகியும் தொந்தரவு இல்லையென்றால் பூஜ்யம், பகலில் தீராத தூக்கம் என்றால் 30, மூச்சு இயந்திரம் தேவை என்றால் 50, நுரையீரல் செயலிழப்பு, தொண்டையில் துளை போன்ற நிலைக்கு 100. இதை மாற்ற 2022 பிப்ரவரியில் ஒரு வரைவையும் வெளியிட்டார்கள். அங்கேயும் இயந்திரத்தைக் காட்டியவுடன் தந்துவிடுவதில்லை. நோய் இருக்க வேண்டும், பணிக்காலத்தில் அதற்கான நிகழ்வு இருக்க வேண்டும், இரண்டையும் இணைக்கும் மருத்துவர் கருத்து வேண்டும். நச்சுப் புகையில் பணிபுரிந்தவர்களுக்காக 2022 ஆகஸ்டில் வந்த சட்டத்தில்கூட, பணியால் வந்ததாகத் தாமாகவே ஏற்றுக்கொள்ளும் நோய்களில் ஸ்லீப் அப்னியா இல்லை.

நம் நாட்டில் சதவீதத்தை முடிவு செய்வது மெடிக்கல் போர்டு. இயந்திர ரசீதுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

புதுவயல்காரன்:

புரிந்தது ஐயா. மாமன் மகனிடம் மறுபடி கேட்டேன். அவனுக்கும் இரண்டு முறை நிராகரித்துத்தான் மூன்றாவது முறை கிடைத்திருக்கிறது. கூடத் தங்கியிருந்தவர்கள் எழுதிக் கொடுத்த கடிதங்கள் உதவினவாம்.

மருந்துப்பெட்டி, கோட்டையூர்:

நான் மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்தவன். பணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மகளே. ஏழு தையலோடு போனது பெரிய அதிர்ஷ்டம். அப்பாவை இனி வண்டி ஓட்ட விடாதீர்கள். சிகிச்சை பிடிபடும் வரைக்கும் யாராவது கொண்டுபோய் விட்டுக் கூட்டி வாருங்கள்.

தொண்டைத் தசைகள் தூக்கத்தில் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகின்றன. பத்து விநாடிக்கு மேல் காற்று நின்றால் அது ஒரு நிறுத்தம். முழுதாக நின்றதையும் பாதி அடைத்ததையும் சேர்த்து, மணிக்கு எத்தனை முறை என்பதுதான் அளவு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது. ஒவ்வொரு முறையும் மூளை அவரை அரைகுறையாக எழுப்பி மூச்சை மீட்கிறது. அவருக்கு அது நினைவிருக்காது. ஆகவேதான் "நன்றாகத் தூங்கினேன்" என்று சத்தியம் செய்வார்கள். ரத்தக் கொதிப்பையும் பார்த்துவிடுங்கள், இரண்டும் கைகோர்த்து வரும்.

கேஸைப் பற்றி ஒன்று. "லே, கார்கில் என்று உயரத்தில் இருந்தேன், அதனால் வந்தது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உயரத்தில் மூச்சு விட்டுவிட்டு வருவது உண்மை. ஆனால் அது வேறு வகை. ஆக்ஸிஜன் குறைவால் மூளை தரும் கட்டளையே தடுமாறுவது அது. கீழே இறங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொண்டை அடைப்பது வேறு. போர்டில் இருக்கும் மருத்துவருக்கு இது தெரியும். பலவீனமான வாதத்தை முன்னே வைத்தால் பலமான வாதமும் அடிபடும்.

போர்டு பெரும்பாலும் உடல் எடையைத்தான் காரணம் காட்டும். அப்பா பருமனானவரா?

பள்ளத்தூர் மகள்:

இல்லை ஐயா. அன்றும் இன்றும் ஒல்லிதான். அம்மா திருமணப் புடவையோடு வைத்திருக்கும் புகைப்படத்தில் இடுப்பு வாரில் கூடுதலாக ஒரு துளை போட்டிருப்பது தெரியும்.

மருந்துப்பெட்டி, கோட்டையூர்:

அப்படியானால் எடைப் பதிவைக் கட்டாயம் வாங்குங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு எடை கூடாமலேயே இது வருவதுண்டு. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒல்லியானவருக்கு வந்தால் தாடை உள்வாங்கியிருக்கிறது, பிறவி அமைப்பு என்று வாதிடக்கூடும். காது மூக்கு தொண்டை மருத்துவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.

பழைய பீரங்கி:

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. என் பீரங்கிப் பிரிவில் (பேட்டரியில்) இருந்த ஒருவருக்கு இடது கால் முழங்காலோடு போனது. அவருக்கும் ஊனமுற்றோர் ஓய்வூதியம், தூக்கத்தில் மூச்சு அடைப்பவருக்கும் அதே பெயரில் ஓய்வூதியம் என்றால் என் மனம் ஒப்பவில்லை. சர்க்கரை, கொதிப்பு, குறட்டை என்று எல்லாவற்றுக்கும் கேட்கப் போய்த்தான் 2023-ல் விதியையே இறுக்கினார்கள். உண்மையில் காயம்பட்டவன் நாளைக்கு வரிசையில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. மகளே, உங்கள் அப்பாமேல் எனக்குக் குறை இல்லை. கேட்கத் தயங்குகிறாரே, அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன்.

சுபேதார், தேவகோட்டை:

அண்ணன், போரில் காலை இழந்தவருக்குப் போர்க்காய ஓய்வூதியம் என்று தனியே, இதைவிட உயர்ந்த விகிதத்தில் இருக்கிறது. அவர் தட்டிலிருந்து யாரும் எடுக்கவில்லை.

இன்னொன்று. 2023-ல் வந்த சி.ஏ.ஜி. (அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையைப் பாருங்கள். ஓய்வு பெறும் அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேருக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைத்திருக்கிறது. அதிகாரி அல்லாத மற்ற படைவீரர்களில் 15 முதல் 18 சதவீதம்தான். பனியிலும் வெயிலிலும் அதிகம் நின்றவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். விதி தெரிந்தவர் கேட்டு வாங்குகிறார். நம் ஹவில்தார் நான்காக மடித்துப் பெட்டியில் வைக்கிறார். எனக்கு இந்த வயதிலும் ஆறாத கோபம் அது ஒன்றுதான்.

கல்லல் அக்கா:

ஆண்கள் விதியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் படுத்தவளைக் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் நாயக்காக இருந்தவர். லீவில் வரும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடும். சத்தத்தால் அல்ல, சத்தம் நிற்பதால். நிற்கும்போதெல்லாம் மனதுக்குள் எண்ணுவேன். இருபதைத் தாண்டினால் தட்டி எழுப்புவேன். "யூனிட்டில் டாக்டரிடம் சொல்லுங்கள்" என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! சொன்னால் கேட்டகரி போய்விடும், கேட்டகரி போனால் புரமோஷன் போய்விடும் என்று வாயே திறக்கவில்லை. கடைசி வரை ஒரு காகிதத்திலும் அந்த நோயின் பெயர் ஏறவில்லை. ஓய்வு பெற்றுப் பல ஆண்டு கழித்து, ஸ்ட்ரோக் வந்த பிறகுதான் தூக்க ஆய்வு செய்தார்கள். மணிக்கு 52. எங்களுக்குக் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை, கண்ணு. உன் அப்பாவிடம் காகிதமாவது இருக்கிறது. விடாதே.

இயந்திரம் பற்றிச் சொல்கிறேன். முதல் மூன்று இரவு பிடுங்கி எறிவார். கோபப்படாதே. பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் முகமூடியை மட்டும் போட்டுப் பழக்கு. கொசுவலைக்குள் அந்தக் குழாயை விட நான் வலையின் ஓரத்தில் ஒரு சாண் பிரித்து, பழைய வேட்டிக் கரையை வைத்துத் தைத்தேன். மீசை அடர்த்தியாக இருந்தால் காற்று கசியும், கத்தரித்துவிடு. தண்ணீர் தொட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதே, உப்புப் படியும். காய்ச்சி வடித்த தண்ணீர் மருந்துக்கடையில் கிடைக்கும். இரவில் மின்சாரம் போனால் இயந்திரம் நின்றுவிடும், இன்வெர்ட்டரில் இணைத்துவிடு.

முதல் முறையாக அவர் விடிய விடியச் சத்தமில்லாமல் தூங்கியபோது எனக்குப் பயமாகிவிட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். முகமூடிக் கண்ணாடியில் மூச்சு ஆவியாகப் படிந்து படிந்து மறைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பழைய பீரங்கி:

கல்லல் அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நோயை மறைக்க வைக்கும் முறையில்தான் தவறு என்று எனக்கும் படுகிறது. விதியை இறுக்கியதற்கான காரணம் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் காகிதம் கையில் இருப்பவர் கேட்பதில் குறை சொல்ல மாட்டேன்.

பள்ளத்தூர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பெட்டிச் சாவியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

காரைக்குடியில் ஒருவர் கேஸை முழுவதும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். வரும் நிலுவையில் பாதி அவருக்காம். கொடுக்கலாமா?

சுபேதார், தேவகோட்டை:

கூடவே கூடாது. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்தும், வங்கிப் புத்தகமும், ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய இணையதளத்தின் கடவுச்சொல்லும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். முதல் அப்பீலுக்கு வக்கீலே தேவையில்லை. சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எழுத உதவுவார்கள். இல்லையென்றால் என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

ஆறு மாதம் கடந்துவிட்டதால் தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதி அப்பீல் அனுப்ப வேண்டும். மறுத்தால் இரண்டாவது அப்பீல். அதிலும் மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007 சட்டத்தால் வந்தது, நம்மைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. ஓய்வூதியம் மாதாமாதம் வர வேண்டியது என்பதால் தாமதம் மட்டுமே கதவை அடைத்துவிடாது. ஆனால் 2008-ல் தார்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி நிலுவையை வழக்கமாக மூன்று ஆண்டுக்கு மட்டும்தான் தருவார்கள். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பின்னால் ஒரு மாதத் தொகை உதிர்ந்துகொண்டே போகும்.

தொகையைச் சொல்லிவிடுகிறேன், அளவுக்கு மீறி ஆசை வேண்டாம். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கணக்குக்காகச் சம்பளம் 40,000 என்று வைத்தால் அது 12,000. அப்பாவின் 20 சதவீதத்துக்கு 2,400. ஆனால் 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆகக் கொள்ளும் முறை உண்டு. பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதன்படி 6,000. அதன்மேல் அகவிலைப்படி. கிடைத்தே தீரும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். இந்த நோயில் எடையைக் காரணம் காட்டித் தோற்றவர்களும் உண்டு.

மருந்துப்பெட்டி, கோட்டையூர்:

அப்பீல் ஒரு பக்கம் நடக்கட்டும். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் காட்டிப் புதிய தூக்க ஆய்வுக்குச் சீட்டு வாங்குங்கள். இயந்திரத்துக்கு அந்தத் திட்டத்திலேயே வழி உண்டு. ஆய்வு அறிக்கையும் நிபுணர் பரிந்துரையும் முன் அனுமதியும் வேண்டும், தொகைக்கு உச்சவரம்பும் உண்டு. அனுமதி வருவதற்கு முன்பு கடையில் வாங்கிவிடாதீர்கள்.

பள்ளத்தூர் மகள்:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். காகிதங்கள் வந்துவிட்டன. தகவல் கேட்டு அனுப்பிய முதல் விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை, அதன்மேல் மேல்முறையீடு செய்த பிறகு 41 பக்கம் அனுப்பினார்கள்.

1991-ல் சேர்ந்தபோது நோய் எதுவும் இல்லை. 2013-ல் ஒரு படை மருத்துவமனையில் தூக்க ஆய்வு: மணிக்கு 38. அந்த ஆண்டு எடை 69 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். ரிலீஸ் போர்டில் காரணம் எழுதும் இடத்தில் சுபேதார் ஐயா சொன்னதுபோலவே இரண்டே சொல்: "வாழ்க்கைமுறை நோய்". தாடை பற்றி எங்கும் ஒரு வரிகூட இல்லை.

2013-ல் எப்படி ஆய்வுக்குப் போனார் என்று அப்பாவிடம் கேட்டேன். இரவுக் காவலில் துப்பாக்கியோடு நின்றபடியே தூங்கிச் சரிந்திருக்கிறார். தண்டனைக்குக் கொண்டுபோன இடத்தில், இளையான்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் முன்வந்து, "இவருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, பாரக்கில் அடுத்த கட்டில் என்னுடையது" என்று சொல்லியிருக்கிறார். இதை அம்மாவிடம்கூட அப்பா சொன்னதில்லை. அந்த நண்பரைத் தேடிப் பிடித்துவிட்டோம், எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சுபேதார் ஐயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவே தன் கையால் அப்பீலை எழுதினார். காரைக்குடித் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் போட்டோம். நேற்று ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. காவல் வேலையைப் பகலுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முகமூடி ஒரு இரவுக்கு நான்கு மணி நேரம் தாங்குகிறது. கொசுவலையை அக்கா சொன்னபடியே தைத்தேன்.

கல்லல் அக்கா:

நான்கு ஆறாகும். மீசையைக் கத்தரித்தாயா?

பள்ளத்தூர் மகள்:

அதற்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை அக்கா.

சுபேதார், தேவகோட்டை:

ஒப்புகை அட்டையில் இருக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள் மகளே. அன்றிலிருந்து ஆறு மாதம் எண்ண வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அட்டையை இரண்டு நகல் எடுத்து ஒன்றை என்னிடம் கொடுத்து வையுங்கள். அசலைப் பெட்டியில் போட வேண்டாம், கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.